குளிரூட்டிக்கு ஒதுக்கிய அறை

உட்துறைமுகம்,
திருகோணமலை.
ஜூன் மாதம், வெள்ளிக்கிழமை.

மதிப்புக்குரிய கணவர் ஸைனுலாப்தீன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மருதமுனையிலிருந்து தாங்கள் எழுதிய கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. எழுத்துகள் நடுங்கியிருந்தபோதும் வாசிக்க முடிந்தது. அல்லாஹ்வின் அருளால் நான் சுகம். தங்கள் இருதயத்தைப் பற்றிய பகுதியை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன்.

எழுதியவற்றுக்கு ஒழுங்காகப் பதில் தருவதே முறை. தங்கள் மகள் றுமானாவின் நிக்காஹ் நிறைவேறியதில் மகிழ்ச்சி. நம் பக்கத்து வழக்கப்படி தாங்கள் இருக்கும் மருதமுனை வீடு அவள் பெயருக்கு எழுதப்பட்டு, மாப்பிள்ளையும் அங்கே குடிவந்துவிட்டார். தங்கள் மற்ற மனைவி பஸ்மியா மகளோடு உள்ளே இருக்கிறார். தங்கள் கட்டில் மட்டும் குசினிக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டிலுக்குப் போய்விட்டது. அனலாய்க் கச்சான் காற்று வீசும் இந்நாட்களில் அங்கே பகலில் மூச்சு முட்டுவதாகவும், வெக்கை ஆகாதென்று டொக்டர் சொன்னதாகவும் அறிவித்திருக்கிறீர்கள். “புள்ள, உன்ட வீடு முழுக்கக் குளிராம். என்ட பழைய ரூம மட்டும் தா, ஒரு மூலையில கிடக்கிறன்” என்று முடித்திருக்கிறீர்கள்.

ஊரார் கதைப்பது உண்மையே. கத்தாரில் இருக்கும் நம் மகன் றிப்தி, அறைக்கு ஒன்றாகச் சிறிய ஏசிகளைப் பூட்டுவோம் என்றான். நான் இணங்கவில்லை. தனித்தனியாகப் பூட்டினால் அறைக்கொருவர் தம் விருப்பத்துக்குக் குளிரை வைப்பார். முழு வீட்டுக்கும் ஒரே இயந்திரம் என்றால் தீர்மானிப்பவர் ஒருவரே. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி மண்டபச் சுவரில், என் கண் மட்டத்தில் இருக்கிறது.

தெரிவு செய்யும் பொறுப்பையும் நானே ஏற்றேன். கொழும்பிலிருந்து வந்த விற்பனையாளர் பெரிய இயந்திரமே வேண்டும் என்று அடம்பிடித்தார். அளவுக்கு மிஞ்சிய இயந்திரம் அறையை விரைவில் குளிராக்கி உடனே நின்றுவிடும், காற்றிலுள்ள ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் போதாது, துறைமுகத்தை அடுத்த வீட்டில் சுவரெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும் என்று அவருக்கு எடுத்துரைத்தேன். “மிஸிஸ் எஞ்சினியரா?” என்று கேட்டார். ஐந்தாம் வகுப்பு என்றேன்.

ஐந்தாம் வகுப்பை நினைவூட்டுவதற்காக மன்னிக்கவும். தங்கள் மேசையில் கிடக்கும் கடதாசிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கும்போதெல்லாம், “உனக்கு வாசிச்சுக் காட்டி என்ன, விளங்கவா போகுது?” என்பீர்கள். தாங்கள் மருதமுனைக்குப் போன பிறகு அதே மேசையில் அமர்ந்துதான் அகராதியும் பத்திரிகையும் நூலகப் புத்தகங்களும் வாசித்தேன். விளங்கியது.

இனி அறையின் விடயம். காற்றை உள்ளிழுத்துக் குளிராக்கி, குழாய்கள் வழியே எல்லா அறைகளுக்கும் அனுப்பும் பெரிய பெட்டி ஒன்று உண்டு. அதற்கு ஓர் இடம் வேண்டும். வேலைக்கு வந்த இன்ஷாப் என்பவர் கூரைக்குக் கீழே தொங்கவிடலாம் என்றார், சாமான் அறையிலும் வைக்கலாம் என்றார். நான் தங்கள் அறையைத் திறந்து காட்டினேன். அவர் யன்னலால் கடலைப் பார்த்துவிட்டு, “ராத்தா, மெஷினுக்கு இவ்வளவு நல்ல ரூமா? இதுல ஒரு குடும்பமே இரிக்கலாமே” என்றார். “இரிந்ததுதான் தம்பி” என்றேன்.

யன்னலைக் கல் வைத்து அடைத்தாயிற்று. அலுமாரியைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்தேன். இயந்திரத்தின் அதிர்வைத் தாங்க இன்ஷாப் இரும்புச் சட்டம் கொண்டுவந்திருந்தார். அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, தங்கள் முதிரைக் கட்டிலைக் கழற்றி அதன் மரத்தில் சட்டம் அடிப்பித்தேன். உறுதியான மரம். சத்தமே இல்லை. வீட்டின் எல்லா அறைகளிலும் குளிர் வரும் வாய் இருக்கிறது, அந்த அறையில் மட்டும் இல்லை. இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்கலாம், படுக்க இயலாது.

மற்ற அறைகளைப் பற்றித் தாங்கள் கேட்கவில்லை. இருந்தும் சொல்லிவிடுகிறேன். ஒன்று என்னுடையது. ஒன்று றிப்தியும் அவன் மனைவியும் லீவில் வரும்போது தங்குவதற்கு. மற்றதில் அயலிலுள்ள பெண்பிள்ளைகள் தையல் பழகுகிறார்கள்.

இதெல்லாம் தங்கள் கடிதம் வருமுன் தற்செயலாக நடந்தது என்று எண்ணிவிட வேண்டாம். மருதமுனைக்குப் புடவை எடுக்கப் போய்வந்த அடுத்த வீட்டுச் சப்ரினா, “ராத்தா, உங்கட மனிசன்ட மகளுக்கு மாப்பிள்ளை பேசுறாங்களாம். இனி அவருக்கு எந்த வீடு?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நம் ஆண்கள் மனைவியின் வீட்டில் வாழ்பவர்கள். அந்த வீடு மகளிடம் போனால், மருமகனுக்கு வழிவிட்டு மாமனார் ஒதுங்குவார். தாங்கள் ஒதுங்கும் திசை எது என்பது எனக்குத் தெரியும். மறுநாள் காலையிலேயே இன்ஷாபைத் தொலைபேசியில் அழைத்தேன்.

தெரிவு செய்வதைவிடப் பேணுவதே கடினம். கடற்காற்றின் உப்பு வெளியில் இருக்கும் பெட்டியின் தகடுகளை அரித்துவிடும், அதை அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். உள்ளே வடிகட்டிகளைக் கழற்றித் தூசி போக்கி, நிழலில் உலர்த்த வேண்டும். நீர் வடியும் குழாயில் பாசி பிடிக்காமல் பார்க்க வேண்டும். இவற்றை நானே செய்கிறேன். அந்த அறைக்குள் வேறு எவரையும் விடுவதில்லை. வேலை முடிந்த பிறகும் சில வேளைகளில் அங்கேயே நின்றுவிடுகிறேன்.

தங்கள் கடிதத்தை வந்த அன்றே றிப்திக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். “உம்மா, மெஷினத் தூக்கிக் கூரைக்குக் கீழ போடலாந்தானே? வாப்பா பாவம்” என்றான். அவன் மனம் நோகக்கூடாது என்பதற்காக, முடியுமா என்று இன்ஷாபைக் கேட்டேன். “ஏலும் ராத்தா, ஒரு பகல் வேலை” என்றார். இதை நான் மறைத்திருக்கலாம். பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஏலும் என்று அவர் சொன்ன பிறகுதான் வேண்டாம் என்றேன். றிப்தியிடமும் அப்படியே சொன்னேன். “உங்கட வீடு உம்மா, நான் ஒண்டும் கதைக்க மாட்டன்” என்று தொலைபேசியை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் அழைக்கவில்லை.

ஆகவே, தங்கள் வேண்டுகோளுக்கு இணங்க இயலாமையைத் தெரிவித்துக்கொள்கிறேன். மருமகனிடம் மரியாதையாகக் கேட்டால் தகரத்தின் மேல் தென்னங்கிடுகு வேய்ந்து தருவார். மருந்தை நேரத்துக்கு எடுங்கள். தண்ணீரை அளவாகக் குடிக்கச் சொல்லியிருந்தால் அப்படியே குடியுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தாங்கள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிடக்கூடியவர். தயவுசெய்து அப்படி வர வேண்டாம். இயந்திரம் ஓடும்போது கதவுகளும் யன்னல்களும் அடைத்தே இருக்கும். வெளியில் எவர் நின்று எவ்வளவு நேரம் அழைத்தாலும் உள்ளே இருக்கும் எனக்குக் கேட்காது. நம் வாசல் கேற்றடியில் நிழலும் இல்லை. தங்கள் இருதயம் அந்த வெயிலைத் தாங்காது.

வல்ல அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளைத் தருவானாக. ஆமீன்.

இப்படிக்கு,
இன்றும் தங்கள் நிக்காஹில் இருக்கும்,
றம்லா