நீள்வட்டத் துளைக்கு வெளிப்பக்கம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வரிசை தவறினால் எனக்கே குழம்பிவிடும். அதனால் முதலில் தலைப்புகள்:

1. அம்மாவின் நிலை
2. நீ அனுப்பிய குறிப்பு
3. நீ வரவேண்டியதில்லை என்பது

முதலாவது. வலது கை இன்னும் தேறவில்லை. சொற்கள் தொலைகின்றன. நேற்று தண்ணீர் கேட்க நினைத்து 'சாவி' என்றாள். நானும் சாவியைக் கொண்டுபோய் நீட்டினேன். "நல்ல வாத்தியார்!" என்றாள். கேலி மட்டும் தப்பாமல் வருகிறது. வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை. மூளைக்குப் போகும் பெரிய தமனி அடைத்திருப்பதால், வேறொன்றிலிருந்து ரத்தத்தைத் திருப்பிவிட வேண்டும். காதுக்கு முன்னால் துடிக்கும் தமனி இதற்கு உதவாதபடி நூலாக மெலிந்துவிட்டது. ஆகவே மண்டையோட்டுக்கு அடியில் ஓடும் மேல்தாடைத் தமனியைத் தேடப்போகிறார்கள்.

இரண்டாவது. மண்டையோட்டின் அடியெலும்பில் நரம்புகள் இறங்கும் நீள்வட்டத் துளையையும் வட்டத் துளையையும் கோட்டால் இணைத்து, அதற்கு வெளிப்பக்கம் எலும்பைக் குடைந்தால் தமனி கிடைக்கும் என்று இங்குள்ள டாக்டருக்கு எழுதியிருந்தாய். காலமெல்லாம் உடற்கூறு சொல்லிக்கொடுத்தும் எனக்குச் சந்தேகம் தீராது. பழைய வகுப்பு மண்டையோட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. டாக்டரிடம் சொன்னேன். அவர் அம்மாவின் ஸ்கேனைக் காட்டினார். அவளுக்கு அந்தத் தமனி தசைக்குப் பின்னால் மறைந்து ஓடுகிறது. "துளை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே இடம்தான் சார். தமனி அப்படி இல்லையே. தேடணும், நேரமாகும்" என்றார். நேரமானால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. உனக்கும் தெரியும். அந்த ஸ்கேனை உனக்கும் அனுப்பியிருந்தோம். நீ திறக்கவில்லை போலிருக்கிறது. உன் குறிப்பில் தமனியின் பெயர் நான்கு இடத்தில் வருகிறது. 'அம்மா' என்று ஓரிடத்திலும் இல்லை. 'நோயாளி' என்றிருக்கிறது.

மூன்றாவது. "சொந்தக்காரங்களை உள்ள விடமாட்டாங்கப்பா. வந்தா வெளியில பெஞ்சுலதான் உட்காரணும்" என்று போனில் சொன்னாய். நியாயம்தான். அங்கே உன் ஆஸ்பத்திரியில் உன் கையை நம்பிப் பலர் படுத்திருக்கிறார்கள். அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். அவள் மறுத்துப் பேசவில்லை. சொல் கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். பிறகு வெகுநேரம் தேடி, வாசலைப் பார்த்து, "வாயாடி" என்றாள். சின்ன வயதில் உன்னை அப்படித்தான் கூப்பிடுவாள். அது தொலையவில்லை.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். முதல் இரண்டிலும் பிழை தெரியவில்லை. மூன்றாவது தவறு. அந்த பெஞ்சையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு பேர் உட்காரலாம்.

வியாழனுக்குள் பத்திரமாக வந்து சேரம்மா.

அப்பா