உப்புப் போட்ட ஐஸ்

செவ்வாய்க்கிழமை, இரவு

அம்மாவின் தொடைக் கட்டியிலிருந்து இன்று ஒரு துண்டு எடுத்தார்கள். அதன் உயிர்க்கலங்களில் டிஎன்ஏ அளவுக்கு மிஞ்சி இருக்கிறதா என்று கொழும்பில் ஒரு இயந்திரம் அளக்குமாம். மிஞ்சியிருந்தால் கூடாத கட்டியாக, புற்றுநோயாக இருக்கலாம். "குளிரிலை வையுங்கோ, உறைய விடாதேங்கோ" என்று டொக்டர் அந்தத் துண்டு போட்ட போத்தலை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதை மீன் அனுப்பும் வெள்ளை நுரை றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்துக் கொழும்புக்குக் கொண்டுபோனார்.

அவர் தலைமன்னாரில் பஸ் ஏறிய பிறகுதான் குசினியில் உப்புப் பை வெறுமையாகக் கிடந்ததைக் கண்டேன். உடனே போன் எடுத்தேன்.

"அப்பா, ஐஸுக்கு உப்புப் போட்டனீங்களோ?"

"ஓம் பிள்ளை. மீனுக்குப் போடுறதுதானே. பக்கத்துச் சீட்டுக்காரர் பாரை மீனோ எண்டு விலையும் கேட்டவர்."

"உப்புப் போட்டால் ஐஸ் இன்னும் குளிராகிப் போத்தல் உறைஞ்சிடும் அப்பா! கலமெல்லாம் வெடிச்சிடும். வெளியிலை எடுங்கோ!"

பெட்டி மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "போத்தல் ஓரத்திலை உறைஞ்சு கட்டியாத்தான் கிடக்கு" என்றார். பஸ் நிற்கும் இடத்தில் வெறும் ஐஸ் வாங்கி, போத்தலைத் துவாயில் சுற்றி வைக்கச் சொன்னேன். துண்டு பழுதாகியிருந்தால் வேறு துண்டு எடுக்க அம்மாவை மறுபடியும் வெட்டவேண்டும்.

என்ன கதை என்று அம்மா பாயிலிருந்து கேட்டார்.

"அப்பாவிட்டை ஆரோ மீன் விலை கேட்டவையாம்."

அம்மா சிரித்தார். தையல் இழுக்குது என்று தொடையைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிரித்தார்.