இன்றைக்கு ஒரே ஒருவர்

அன்புள்ள அக்கா,

போனில் சொன்னால் நடுவில் நீ சிரிப்பாய், என் தைரியம் போய்விடும். அதனால்தான் கடிதம்.

நீ பதிந்திருக்கும் வரன் தேடும் செயலி எங்கள் கம்பெனி செய்தது. தினமும் நீ பாடம் எடுக்கும் பள்ளியில் மணி அடிக்கும் முன் கூப்பிட்டு, "ஏலே, இன்னைக்கு எட்டு பேரு என் படத்தப் பாத்திருக்காவ!" என்பாயே, அந்த எட்டு என் கைவேலை. யாரும் பார்க்காவிட்டாலும் மூன்றிலிருந்து ஒன்பதுக்குள் ஏதோ ஒரு எண்ணைக் காட்டச் சொன்னார் மானேஜர் அண்ணாச்சி. அதற்கான நிரலை எழுதிக் கொடுத்தேன். நீ அங்கே வந்து பதிவு செய்வாய் என்று அப்போது நினைக்கவில்லை.

புதுப் படம் எடுப்பதற்காகச் சேரன்மகாதேவியிலிருந்து டவுணுக்கு வந்து பட்டுப்புடவை வாங்கினாயே, அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நேற்று அந்த வரிகளை அழித்துவிட்டேன். அண்ணாச்சி குதித்தார்.

"சைபர்னு காட்டுனா எவம்லே திரும்ப வருவான்?"

"எங்க அக்காவும் அதுல இருக்காவ, அண்ணாச்சி."

பிறகு பைய, "என் மச்சினனும் இருக்கான்வே. தெனமும் எண்ணப் பாத்துட்டு தலைக்கு டை அடிக்குதான்" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

இன்று காலை உனக்கு ஒன்று என்றுதான் காட்டியிருக்கும். நீ கூப்பிடவில்லை.

அக்கா, அந்த ஒன்று நிஜம். மூன்று நாளாகத் தினமும் வந்து பார்க்கும் ஒரே ஆள். யாரென்று நான் பார்க்கவில்லை, அது முறையில்லை. அண்ணாச்சியின் மச்சினன் இல்லை என்பதை மட்டும் சரிபார்த்துக்கொண்டேன்.

நாளை மணி அடிக்கும் முன் போனைக் கையில் வைத்திருக்கும்,
உன் 'ஏலே'