வாரம் ஒரு தடவை தண்ணீர்

ஜனவரி 9

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

வந்து சேர்ந்தேன். விடுதியில் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு ஜன்னல். லேபில் ரத்தப் பரிசோதனைக் குழாய்கள் மலையாகக் குவிகின்றன, இடுப்பு ஒடிகிறது. ஆனாலும் படுத்தால் அடித்துப்போட்டது போல் தூங்குகிறேன்.

இனி போன் வேண்டாம், எழுதுங்கள். போன் எடுத்தால் நீங்கள் "அப்பாவ மாத்திரை போடச் சொல்லு" என்கிறீர்கள். உடனே மாமா வாங்கி, "கேஸ் தீந்துடுச்சுன்னு அவன்கிட்ட சொல்லும்மா" என்கிறார். ஒரே கூடத்தில் இருக்கும் இரண்டு பேருக்கு இவ்வளவு தூரத்திலிருந்து நான் தூது போக வேண்டுமா? நீங்கள் மாமாவின் ஸ்கூட்டர் சாவியை ஒளித்துவைத்த நாளிலிருந்து இரண்டு வருடமாக எனக்கு இதே பிழைப்பு. கண் மங்கியவரை ஓட்டவிடாதது சரி. சொல்லாமல் ஒளித்தீர்களே, அதுதான் தப்பு.

ஆர்க்கிட் செடி பத்திரம். அது மண்ணில் இல்லை, மரப்பட்டைத் துண்டுகளில் நிற்கிறது. வாரம் ஒரு தடவை தண்ணீர் போதும். முழுக்க வடியவிட்டு ஜன்னலில் வையுங்கள். என் முதல் செடி, முதல் பூ. கொன்றுவிடாதீர்கள்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஓய்ந்துபோன
உங்கள் மனைவி


பிப்ரவரி 2

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு (லேப் அம்மா என்றால் மூக்குக்கு மேல் கோபம் வருமே),

நீ கேட்டதாக அப்பாவிடம் நான் சொல்லவில்லை. நீயே அவருக்குத் தனியாக, பெரிய எழுத்தில் ஒரு வரி போட்டுவிடு. இங்கே எல்லாம் பழையபடிதான். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு நான் தட்டு போடுகிறேன். பகலெல்லாம் நின்றுபோன லிஃப்டுகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தால், வீடும் பாதி மாடியில் நிற்கிறது.

செடிக்கு ஞாயிறு தவறாமல் ஊற்றுகிறேன், சத்தியமாக. ஆனால் பூவெல்லாம் கொட்டிவிட்டது. இலை மஞ்சளாகிறது. பட்டை எந்நேரமும் ஈரமாகவே இருக்கிறது. இது உன் கைக்குத்தான் அடங்கும். ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறதல்லவா? முடிந்ததும் ஓடி வந்துவிடு. செடி உன்னைத் தேடுகிறது. நானும்தான்.

உன் லிஃப்ட்காரன்


பிப்ரவரி 20

அன்புள்ளவருக்கு,

வாரம் ஒரு தடவை ஊற்றினால் பட்டை காய்ந்திருக்க வேண்டுமே! தொட்டி கண்ணாடி மாதிரிதானே இருக்கிறது, வேரைப் பாருங்கள். வெள்ளி நிறமாக இருந்தால் தாகம், பச்சையாக இருந்தால் போதும். பழுப்பாகக் கொழகொழவென்று இருந்தால் அழுகல். செடியை வெளியே எடுத்து, கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைத்து, அழுகியதை வெட்டிவிட்டுப் புதுப் பட்டையில் வையுங்கள்.

இன்னொன்று. இங்கே இன்னும் ஆறு மாதம் இருக்கிறாயா என்று கேட்கிறார்கள். மார்ச் கடைசிக்குள் முடிவு சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். யோசிக்கிறேன் என்றேன். வீட்டை நினைத்தால் ஆசையாகவும் இருக்கிறது, அலுப்பாகவும் இருக்கிறது. செடியைச் சாக்கு வைத்துக் கூப்பிடாதீர்கள்.

உங்கள் மனைவி


மார்ச் 11

என் டாக்டரம்மாவுக்கு,

குட்டு உடைந்தது. வியாழக்கிழமை வேலை சீக்கிரம் முடிந்து வந்தால், ஜன்னலோரம் அப்பா, கையில் டம்ளர். என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"என்னப்பா பண்றீங்க?"

"தண்ணி ஊத்துறேன். உனக்கும் கண்ணு போச்சா?"

"நான்தான் ஞாயித்துக்கிழமையே ஊத்துறேனே!"

"யார்கிட்ட சொன்னே? மருமக ஆசையா வாங்குனது, நீ எங்க பாக்கப்போறேன்னு தினம் ஒரு டம்ளர் ஊத்துறேன்."

இரண்டு வருடம் கழித்து முதல் பேச்சே சண்டை. பிறகு பேப்பர் விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவருக்கு நிறம் தெரியவில்லை, விரலால் தடவித் தடவிச் சொன்னார்: "இது கெட்டி, விடு. இது நசுங்குது, வெட்டு." பாதி வேர் போய்விட்டது. செடி நிற்கிறது.

அன்றைக்கே ஸ்கூட்டர் சாவியை அவர் கையில் வைத்தேன். "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்டா" என்றார்.

இனி உனக்குத் தூது வேலை இல்லை. எந்த வண்டிக்கு வருகிறாய்? ஸ்டேஷனுக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம்.

உன்னுடைய நான்


மார்ச் 27

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். டம்ளரை நினைத்துச் சிரித்தேன்.

நேற்று இன்னும் ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோபப்படாதீர்கள். நான் இல்லாவிட்டால் அந்த வீடு என்னாகுமோ என்ற பயம்தான் என்னை இழுத்துக்கொண்டிருந்தது. உங்கள் கடிதத்தோடு அந்தப் பயம் போய்விட்டது. போன பிறகுதான் எவ்வளவு களைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

நான் அங்கே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? "செடிக்கு ஊத்த வேணாம்னு அப்பாகிட்ட சொல்லு" என்றிருப்பீர்கள். நானும் சொல்லியிருப்பேன். செடிக்கு ஒரு வேர்கூடப் போயிருக்காது. நீங்கள் இரண்டு பேரும் இன்னும் பேசியிருக்க மாட்டீர்கள்.

உங்கள் மேல் ஆசை குறையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வாருங்கள், சும்மா உட்கார்ந்திருப்போம். புது வேர் விட்டால் எழுதுங்கள். பூவுக்கு அவசரமில்லை.

மாமாவுக்கு இந்தத் தடவை நான் தனியாக எழுதவில்லை. நான் இப்போது வரப்போவதில்லை என்பதை நீங்களே அவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி