உன் கல்யாண கேக்

அன்புத் தங்கைக்கு,

உன் கல்யாண கேக்கைக் கடையிலேயே சொல்லிவிடு. மூன்றடுக்கு, சுற்றிலும் ரோஜா என்று நான் வாக்குக் கொடுத்தது மறக்கவில்லை. என்னைத் திட்டிக்கொள், ஆனால் காரணம் கேட்காதே.

க்ரீம் பிழியும் பை, நாசில் டப்பா, சுழல் தட்டு எல்லாவற்றையும் மாடிவீட்டு டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். இருபது வருடமாக அலமாரியை அடைத்துக்கொண்டிருந்தன. இப்போது அந்த இடத்தில் உன் அத்தான் பழைய பேப்பர் அடுக்குகிறார்.

போன மாதம் மகன் பிறந்தநாளுக்குக் கடைசியாக ஒன்று செய்தேன். ரோஜா இதழ் பிழியும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், உனக்குத்தான் தெரியுமே. அன்று எவ்வளவு பிடித்தும் ஒரு இதழும் நிற்கவில்லை. ஓரக்கோடு புழு மாதிரி நெளிந்தது.

"அட, அலை அலையா இருக்கே! புது டிசைனா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"ஆமா, இப்ப இதுதான் ஃபேஷன்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். மகன் மட்டும் மேசைக்கடியில் என் கையைப் பிடித்துக்கொண்டான். கேக் வெட்டும் வரை விடவில்லை.

டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். "நிக்காதும்மா, பழகிக்கணும்" என்றும் சொன்னார்.

நான் சொல்லச் சொல்ல அத்தான்தான் இதை எழுதுகிறார். நடுவில் இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்தார். "இதையெல்லாம் எழுதணுமா?" என்கிறார். எழுதுங்கள் என்றேன்.

கீழே இருக்கும் கையெழுத்து மட்டும் என்னுடையது. அதையும் டிசைன் என்று சொல்லிவிடாதே.

உன்
அக்கா