பதினோரு விநாடிக் கையெழுத்துகள்

அக்கா,

இன்று காலை அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே நான் செய்த முதல் வேலை, நம் மில்லின் புது வேலை ஒப்பந்தத்தைப் போனில் திறந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டுப் படித்ததுதான். எட்டுப் பக்கம். கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன், இருபத்திரண்டு நிமிடம் ஆனது. நடுவில் குறுக்கே பேச யாருமில்லை. ஆனாலும் பன்னிரண்டாவது பிரிவு வந்தபோது என் குரல் தானாக நின்றுவிட்டது. பதினெட்டு வருடம் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்ததில் வந்த பழக்கம் அது. வில்லங்கமான வரி வந்தால், நீங்கள் "நில்லுங்க" என்று சொல்வதற்கு இடம் விட்டு என் நாக்கு நின்றுகொள்கிறது.

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் முடிந்துவிட்டது. உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்தால் மில்லில் சிரிப்பார்கள். நம்மைச் சிநேகிதிகள் என்று யாரும் சொன்னதில்லை. நான் டைம் ஆபீஸ். ஆள் சேர்ப்பதும் ஒப்பந்தம் போடுவதும் என் வேலை. நீங்கள் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் நின்றுகொண்டே, அங்கிருந்த பெண்கள் எல்லோருக்காகவும் பேசியவர். சம்பளம் வாங்கியது ஒரே இடத்தில் என்றாலும் நாம் இருந்தது வேறு வேறு பக்கம்.

நான் எம்.காம். முடித்து வேலைக்கு வந்த புதிது. ஒப்பந்தத் தாள்களை அடுக்கி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தேன். பெண்கள் வரிசையாக வந்து குனிந்து போட்டுவிட்டுப் போனார்கள். உங்கள் முறை வந்தபோது நீங்கள் பேனாவை எடுக்கவே இல்லை.

"ஏனுங் மேடம், இதுல என்ன எழுதியிருக்குது?"

வழக்கமாக இருப்பதுதான் என்றேன்.

"வழக்கமா இருக்கறதுன்னா படிக்கறதுக்கு எதுக்குங்க கூச்சம்? படிங்க, அல்லாரும் கேக்கறோம்."

படித்தேன். வரிக்கு வரி நிறுத்தினீர்கள். 'தேவைப்பட்டால் கூடுதல் நேரம் வேலை செய்ய வேண்டும்' என்ற இடத்தில், "யாருக்குங்க தேவைப்பட்டா?" என்று கேட்டீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்கள்கூடத் திரும்பி வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். ஷிப்ட் அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. அன்று மேனேஜரிடம் நான் வாங்கிய திட்டுக்கு, பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை உங்களை மனதுக்குள் வைதுகொண்டே போனேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அதேதான். நீங்கள் கேட்டது எல்லாம் நியாயம் என்று இப்போதும் சொல்லமாட்டேன். சில வருடங்களில் நான் திணறுவதைப் பார்க்கும் ஆசைக்காகவே நிறுத்தினீர்கள் என்று நினைக்கிறேன். ஒருமுறை, நடுப்பக்கத்தை நான் மாற்றி வைத்துவிட்டேன் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னீர்கள். நான் மாற்றவில்லை. அச்சடித்தவர் அடுக்கியதில் வந்த பிசகு. அது தெரிந்த பிறகும் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்கவில்லை. மறுநாள் ஒரு பை நிறைய மரவள்ளிக் கிழங்கைக் கொண்டுவந்து என் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, "ஊட்டுல மிச்சமாக் கெடந்துச்சுங்க" என்று போய்விட்டீர்கள். உங்களிடமிருந்து அதற்கு மேல் எதுவும் வராது என்று தெரிந்திருந்ததால் கிழங்கை எடுத்துக்கொண்டேன்.

போனிலேயே ஒப்பந்தம் போடும் இந்த மென்பொருளைக் கொண்டுவந்தது நான்தான் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசி, பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். தாள் கிடையாது, அலமாரி கிடையாது, யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று அதுவே சொல்லும். போனுக்கு ஒரு இணைப்பு வரும், ஓடிபி போட்டு, விரலால் கையெழுத்து வரைந்தால் முடிந்தது. உங்கள் பிரிவில் நானே வந்து செய்து காட்டினேன். முதலில் உங்கள் போனில்தான். உங்கள் கையெழுத்து திரையில் கோணிக்கொண்டு வந்ததும், "கோழி கெளறுன மாதிரி இருக்குது" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டீர்கள்:

"இதுல நான் எங்க நின்னு கேள்வி கேக்கறதுங்க அம்மிணி?"

அத்தனை வருடத்தில் மில்லுக்குள் வைத்து என்னை மேடம் என்று இல்லாமல் அம்மிணி என்று நீங்கள் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படிக்கலாமே, யார் முன்னாலும் நிற்க வேண்டியதில்லையே என்று சொன்னேன். நம்பித்தான் சொன்னேன். நீங்கள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு மிஷினுக்குத் திரும்பிவிட்டீர்கள். அடுத்த ஒப்பந்தம் வருவதற்குள் நோயில் படுத்துவிட்டீர்கள்.

போன வெள்ளிக்கிழமை காலை ஷிப்ட் தொடங்கும் முன் இந்த வருட ஒப்பந்தம் எல்லோர் போனுக்கும் போனது. மதியத்துக்குள் அத்தனை பேரும் கையெழுத்திட்டுவிட்டார்கள். மேனேஜருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா மேடம், சத்தமில்லாம முடிஞ்சு போச்சு" என்றார்.

பன்னிரண்டாவது பிரிவு புதிது. நிர்வாகம் எந்த யூனிட்டுக்கு மாற்றினாலும் போக வேண்டும். ஏழு நாளுக்குள் போகாவிட்டால் தானாக வேலையை விட்டதாக எடுத்துக்கொள்ளப்படும். வாழப்பாடியில் புது யூனிட் வருகிறது. பொங்கல் முடிந்ததும் உங்கள் பிரிவில் பாதிப் பேரை அங்கே அனுப்பப்போகிறார்கள். புதுச்சத்திரத்தில் மில் பஸ் ஏறி கால் மணி நேரத்தில் வருகிறவர்கள், இனி சேலம் போய் பஸ் மாற வேண்டும். போகவர நாலு மணி நேரம். கைக்குழந்தைக்காரிகளும், படுத்திருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறவர்களும் போகப்போவதில்லை. அது மேனேஜருக்கும் தெரியும். போகாதவர்களை யாரும் நீக்க வேண்டியதில்லை, அவர்களே விட்டுப் போனதாகக் கணக்கு.

ஒவ்வொருவரும் எத்தனை மணிக்குத் திறந்தார்கள், எத்தனை மணிக்குக் கையெழுத்திட்டார்கள் என்று மென்பொருள் விநாடி பிசகாமல் குறித்து வைக்கிறது. திங்கட்கிழமை அந்தப் பட்டியலைப் பார்த்தேன். ஒன்பது விநாடி. பதினோரு விநாடி. திரும்பவும் பதினோரு விநாடி. ஒரே ஒரு பெண் இரண்டு நிமிடம் எடுத்திருந்தாள். சந்தோஷமாக இருந்தது, கூப்பிட்டு எந்த வரியைப் படித்தாய் என்று கேட்டேன். "இல்லீங் மேடம், நெட்டு சுத்திட்டே இருந்துச்சுங்க" என்றாள்.

மேனேஜரிடம் போய், இவர்கள் யாரும் படிக்கவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. "தமிழ்லதானுங்களே அனுப்பிச்சிருக்கோம். படிக்காதது நம்ம தப்புங்களா?" என்றார். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் சட்டப்படி ஒரு குறையும் இல்லை. கையெழுத்துகள் செல்லும். அவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். ஆனால் உங்கள் முன்னால் வைத்து வாய்விட்டுப் படித்திருந்தால் பன்னிரண்டாவது பிரிவை என்னால் தாண்டியிருக்க முடியாது. வரி அதேதான். கேட்கிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு படிக்கும்போதுதான் எனக்கே அதன் அர்த்தம் தெரியும். அந்த முகங்களிடமிருந்து என்னைத் தப்பிக்க வைத்ததைத்தான் வசதி என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான் என்று நினைக்கிறேன். அன்பு என்று சொன்னால் நீங்களே உதட்டைச் சுழிப்பீர்கள். ஒரு வரியில் நின்றுவிட்டால், அதைக் கடந்துபோகத் தெரியாத நாக்கு.

ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை, அக்கா. கம்பெனி தரப்பில் கையெழுத்திட வேண்டியவள் நான். நான் போடும்வரை ஒப்பந்தம் அமலுக்கு வராது. என் திரையில் 'ஒப்புக்கொள்', 'நிராகரி' என்று இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. இன்று சாயங்காலத்துக்குள் ஒப்புக்கொண்டாக வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். நிராகரித்தால் காரணம் எழுத வேண்டும், அந்தக் காரணம் கையெழுத்திட்டவர்களின் போனுக்கே போய்விடும். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்தச் சொல்வதற்காக நானே செய்து வைத்த ஏற்பாடு. இதுவரை அதற்கு மட்டும்தான் பயன்பட்டிருக்கிறது.

பத்து மணிக்கு ஆபீசில் உட்கார்ந்ததும் எல்லா ஒப்பந்தங்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து நிராகரிக்கப்போகிறேன். இருபத்தோரு வருட வேலை அதோடு போகலாம். வீட்டுக்காரரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. காரணம் எழுதும் கட்டத்தில் இருநூறு எழுத்துக்குத்தான் இடம். எழுதிப் பார்த்தேன்:

'ஆறாம் பக்கம், பன்னிரண்டாவது பிரிவு: வாழப்பாடிக்கு மாற்றினால் போக வேண்டும், போகாவிட்டால் வேலை இல்லை. இதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.'

கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அதில் என் பெயரைப் போட்டேன்.