மூக்கில் வைத்த ஈயம்

ஜனவரி 6

இந்த நோட்டு மச்சான் கொடுத்தது. "கட்டற மாடலையெல்லாம் எழுதி வை மாப்ள. வருஷக் கடைசில திரும்பிப் பாத்தா எத்தன கட்டினோம், எங்க தப்புப் பண்ணினோம்னு தெரியும்" என்றான். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். என் கையெழுத்து, மையில் விழுந்த பல்லி எழுந்து நடந்துபோன மாதிரி இருக்கும். இருக்கட்டும், நான்தானே படிக்கப்போகிறேன்.

இன்று சரக்குக் கப்பலுக்கு அடிப்பக்கம் சிவப்பு அடித்தேன். கப்பல் ஒன்றரைச் சாண். நாற்பது வருஷம் துறைமுகத்தில் பலகையில் தொங்கிக்கொண்டு நிஜக் கப்பலுக்குப் பெயிண்ட் அடித்தேன். அப்போது ஒரு பக்கம் முடிக்க ஒரு வாரம். இப்போது மூணு மயிர் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு இதற்கும் ஒரு வாரம்.

வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "கட்டையில போற வயசுல கப்பல் விடறாரு" என்றாள்.

"போறப்ப ஏதாவது ஒரு வண்டி வேணாமா?" என்றேன்.

ஜனவரி 19

மச்சான் விமானம் மட்டும்தான் கட்டுவான். என் கப்பலைத் தண்ணித்தொட்டி என்பான். நான் அவன் விமானத்தைத் தும்பி என்பேன். என் பெண்டாட்டியின் அண்ணன் அவன். சம்சாரம் போனபிறகு பின்தெருவில் தனியாக இருக்கிறான். முப்பத்தோரு வருஷம் விமானத் தளத்தில் மெக்கானிக். "ஒரு நட்டு விட்டுப்போனதில்ல மாப்ள, ஒரே ஒரு நட்டு" என்று வாரம் இரண்டு தடவையாவது சொல்லிவிடுவான்.

அவன் வேலை செய்யும் விதமே வேறு. ஒரு துண்டை ஒட்டினால் விரலால் தொட்டு "போட்டாச்சு" என்பான். கையை எடுத்துவிட்டு மறுபடி தொட்டு "பாத்தாச்சு" என்பான். சின்னதோ பெரியதோ, இரண்டும் சொல்லாமல் அடுத்ததற்குப் போகமாட்டான். டீயில் சர்க்கரை போட்டாலும் அப்படித்தான். நான் அவனுக்குப் 'பாத்தாச்சு' என்று பேர் வைத்தேன். மாடல் சங்கத்தில் இப்போது செயலாளர் தையல்காரர் முதற்கொண்டு அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பதிலுக்கு அவன் என் மீசையைப் பிடித்துக்கொண்டான். நான் பொய் சொன்னால் மீசையின் இடதுபக்கம் ஆடுமாம். கண்ணாடி முன்னால் நின்று பொய் சொல்லிப் பார்த்தேன். ஆடத்தான் செய்கிறது, சனியன்.

பிப்ரவரி 11

மச்சான் முகம் கழுவப் போனபோது அவன் மூக்குக்கண்ணாடியில் வாசலினைத் துளியூண்டு தடவி வைத்தேன். வந்து மாட்டினான். ஜன்னலைப் பார்த்தான், கையைப் பார்த்தான். ஒன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு டாக்டரிடம் கிளம்பிவிட்டான். வாசல் வரைக்கும் விட்டுப் பிடித்தேன். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலி. அவனும் சிரித்தான். கொஞ்சம் பொறுத்துத்தான் சிரித்தான்.

மார்ச் 2

மச்சான் அடுப்பில் பால் வைத்துவிட்டுத் தூங்கிப்போனான். பாத்திரம் உருகி, திரை எரிந்து, சமையலறைச் சுவரெல்லாம் கரி. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தார்கள். மகள் ஓடிவந்தாள். ஒரே மகள், ஆஸ்பத்திரியில் நர்ஸ், தூரத்தில் இருக்கிறாள். முதியோர் விடுதி என்று பேச்சு ஆரம்பித்தது.

மச்சான் எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னான்: "ஒரு தடவ தப்பிடுச்சும்மா. இன்னொரு தடவ எதையாவது மறந்தேன்னா நானே பெட்டியக் கட்டிட்டு வரேன். அதுவரைக்கும் என்ன விட்டுடு."

"சத்தியமா?" என்றாள்.

"உங்கம்மா மேல."

மார்ச் 20

மச்சான் புதுசு தொடங்கிவிட்டான். அவன் முப்பத்தோரு வருஷம் பழுது பார்த்த அதே ஜாதி விமானம். ஜூன் கண்காட்சிக்கு. "மகள் வரேன்னிருக்கா. அவ கண்ணு முன்னாடி நிறுத்தணும்" என்றான். கை கொஞ்சம் நடுங்குகிறது. இடுக்கியால் சின்னத் துண்டை எடுக்கும்போது மூச்சை நிறுத்திக்கொள்கிறான்.

ஏப்ரல் 9

இன்று எனக்குப் பாடம் எடுத்தான். இந்த விமானத்துக்கு மூணு கால். முன்னால் மூக்குக்குக் கீழே ஒன்று, பின்னால் இறக்கைக்குக் கீழே இரண்டு. பிளாஸ்டிக்கில் கட்டினால் பின்பாரம்தான் ஜாஸ்தி. அதனால் உடம்பின் இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டுவதற்கு முன்னால் மூக்குக்குள் ஈயம் வைக்கவேண்டும். மறந்தால் போச்சு. விமானம் வாலைத் தரையில் ஊன்றி, மூக்கைத் தூக்கிக்கொண்டு, நாய் குந்தின மாதிரி குந்திவிடும். ஒட்டினபிறகு திறக்க முடியாது.

"கத்துக்குட்டிங்க பண்ற தப்பு. இத மறந்தவனப் பாத்தா சங்கமே சிரிக்கும்" என்றான்.

எனக்கு அப்போதே உள்ளே ஒன்று குறுகுறுத்தது.

ஏப்ரல் 22

செய்துவிட்டேன்!

மூணு ஈயக்குண்டு, தூண்டிலுக்குப் போடுவது. மூக்கில் மெழுகுக் களிமண்ணை அப்பி அதில் பதித்தான். தொட்டான். "போட்டாச்சு." கையை எடுத்து மறுபடி தொட்டான். "பாத்தாச்சு." அப்புறம் இரண்டு பாதியையும் என்னிடம் கொடுத்து, "கை ஆடுது. நீ சேத்துப் புடி, நான் பசை விடறேன்" என்றான். பசைப் பாட்டிலைக் குலுக்கத் திரும்பினான். அவ்வளவு நேரம் போதும் எனக்கு. கட்டைவிரல் நகத்தால் ஒரே நெம்பு. மூணும் களிமண்ணோடு உள்ளங்கைக்கு வந்துவிட்டது. பாதிகளைச் சேர்த்துப் பிடித்தேன், அவன் பசை விட்டான். காயும்வரை இரண்டு பேரும் கல்யாண ஃபோட்டோவுக்கு நிற்கிற மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

கண்காட்சியில் நாய் குந்தும். எல்லாரும் சிரிப்பார்கள். நான் எழுந்துபோய் மூணு குண்டையும் மேசையில் டக் டக் டக் என்று வைப்பேன். அவன் மூஞ்சியை அப்போது பார்க்கவேண்டும்.

மே 17

இன்று கால் ஒட்டினான். நிறுத்திப் பார்க்கப்போனான். "இப்ப நிறுத்தாத, காயாத கால் வளைஞ்சுடும். மல்லாக்கவே பெட்டில வை, அங்க போய் நிறுத்து" என்றேன். கேட்டுக்கொண்டான். என் மீசையைப் பார்க்கவில்லை. விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 8

கண்காட்சி. பள்ளிக்கூட மண்டபம். நீள மேசைகளில் வெள்ளைத் துணி. மகள் ராத்திரி டியூட்டி முடித்து நேராக வந்திருந்தாள். மச்சான் இஸ்திரி போட்ட சட்டை. பெட்டியைத் திறந்து குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கிற மாதிரி எடுத்தான். துணிமேல் வைத்தான். கையை எடுத்தான்.

குந்தியது.

மறுபடி வைத்தான். குந்தியது. மூக்கை விரலால் அழுத்தி, விட்டான். குந்தியது.

தையல்காரர்தான் முதலில் சிரித்தார். "என்ன பாத்தாச்சு, ஈயம் வைக்கலியா?" மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். என் கை சட்டைப்பையில் குண்டுகள்மேல்தான் இருந்தது. எழுந்திருக்க வேண்டியதுதான் பாக்கி.

மச்சான் திரும்பி மகளைப் பார்த்தான். எங்களைப் பார்க்கவில்லை, அவளை மட்டும். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு என்று நினைத்தேன். அழுகை.

"வெச்சேம்மா. தொட்டுப் பாத்தேம்மா" என்றான்.

"சரிப்பா. பரவால்லப்பா. சரி" என்று முதுகைத் தடவினாள். நோயாளியைத் தடவுகிற கை அது.

நான் எழுந்திருக்கவில்லை. ஏன்டா எழுந்திருக்கல? அந்த நேரத்துல டக் டக்னு வெச்சா எல்லாரும் என்னை — என்னை என்ன பண்ணிடுவாங்க? கொன்னுடுவாங்களா?

ஜூன் 9

மார்ச்சில் அவன் செய்த சத்தியம் எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் நின்றேன். ஏப்ரலில் அது ஞாபகம் வரவில்லை. வரலையா, வந்தும் தள்ளிட்டேனா? இங்கயாவது நெசத்த எழுது. வந்துச்சு. தள்ளிட்டேன்.

ஜூன் 15

சொல்லிவிடுவது என்று போனேன். மச்சான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். சட்டைகளை மடித்து, ஒவ்வொன்றுக்கும் காகிதத்தில் கோடு போட்டு.

"அன்னிக்கு நீ பக்கத்துல இருந்தியே மாப்ள. நான் 'பாத்தாச்சு'ன்னு சொன்னேன்தானே?"

"சொன்ன."

"அதான் பயமா இருக்கு. வாய் சொல்லுது, கை செய்யல. முப்பத்தோரு வருஷத்துல எத்தன விமானத்துக்கு இப்படி வாயால மட்டும் பாத்தேனோ. யார் யார் ஏறிப் போனாங்களோ."

"மச்சான், அத எடுத்தது நான்தான். உன் கையிலேர்ந்து வாங்கி, நான்தான் நெம்பி எடுத்தேன்."

என் முகத்தையே பார்த்தான். பிறகு சிரித்தான், பாவம் பார்க்கிற சிரிப்பு. "மீசை ஆடுது மாப்ள. எனக்காகப் பொய் சொல்லாத."

ஆடியதுதான். பயத்தில் ஆடியது.

வீட்டுக்குப் போய்க் குண்டுகளைக் கொண்டுவந்து காட்டியிருக்கலாம். நாலு நிமிஷ நடை. போகவில்லை. சொல்லியாச்சு, நம்பாதது அவன் பாடு என்று நினைத்துக்கொண்டேன். நெஞ்சு லேசாகக்கூட ஆயிற்று. நான் எப்பேர்ப்பட்ட ஆள் பாரு.

ஜூன் 28

மச்சானை விடுதியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். கேட்டில் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை 3

வீட்டுக்காரி துவைக்கும்போது சட்டைப்பையில் இருந்ததை எடுத்து நீட்டினாள். "இது என்ன?" தூண்டில் ஈயம் என்றேன். "நீங்க எந்தக் காலத்துல மீன் புடிச்சீங்க?" என்றாள். அண்ணன் போனதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. அதற்குமேல் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10

விடுதிக்குப் போனேன். பிளேடு கூடாது, பசை கூடாது. மேசையில் கலர்ப் பென்சிலும் பூப்படமும் வைத்திருக்கிறார்கள். மச்சான் கோட்டுக்கு வெளியே போகாமல் கலர் அடித்திருந்தான்.

கேலி பண்ணப் பார்த்தேன். "என்ன மச்சான், பூவுக்கு ஈயம் வெச்சியா?" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நாக்கை அறுத்துப் போடலாம்.

அவன் எழுந்து சட்டையை என் முன்னால் நீட்டினான். "பட்டன் போட்டிருக்கேனா? நீ பாத்துச் சொல்லு." போட்டிருக்கிறாய் என்றேன். என்னை வழியனுப்ப வந்தபோது ஆயாவை நிறுத்தி அதையே கேட்டான். வாசலில் காவல்காரனிடமும் கேட்டான். இப்போது அவன் எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை. தன் கையை நம்புவதில்லை.

செப்டம்பர் 14

மகளுக்கு ஃபோன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். வாசலின் முதல் சொன்னேன். ஃபோனில் மீசை தெரியாதே, நம்பிவிட்டாள்.

பிறகு, "ஏன் மாமா?" என்றாள்.

"விளையாட்டுக்கும்மா."

"அப்பா வீட்ட விட்டாச்சு மாமா. வேற குடித்தனம் வந்தாச்சு. என் வீட்டுல நாங்க நாலு பேரு ஒரு ரூம்ல இருக்கோம்."

"எங்க வீட்டுக்கு வரட்டும்."

"நீங்க இருக்கற வீட்டுக்கா?"

அவளே தொடர்ந்தாள்.

"அப்பாகிட்ட திரும்பச் சொல்லாதீங்க. தன் தலை கெட்டுப்போச்சுன்னு நம்பித்தான் அங்க இருக்காரு. ஒண்ணும் ஆகலன்னு தெரிஞ்சா அந்த எடத்துல ஒரு நாள் இருப்பாரா? எங்க போவாரு? நீங்க பண்ணினதுக்கப்புறம் அவருக்கு அந்த நம்பிக்கையையாவது விட்டு வைங்க."

வைத்துவிட்டாள். திரும்பினால் வீட்டுக்காரி கதவோரம் நிற்கிறாள். கையில் ஈரத்துணி, சொட்டுகிறது.

செப்டம்பர் 15

வீட்டுக்காரி பேசவில்லை.

அக்டோபர் 2

தட்டு வருகிறது. தண்ணீர் வருகிறது. பேச்சு வருவதில்லை. குண்டு மூணையும் என் கப்பல் அலமாரியில், சரக்குக் கப்பலுக்கு முன்னால் வரிசையாக வைத்திருக்கிறாள். எடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

நவம்பர் 21

தையல்காரர் வந்தார். பாத்தாச்சு எப்படி இருக்கார் என்றார். அந்தப் பேரைச் சொல்லாதீங்க என்றேன். "நீங்க வெச்ச பேருதானே?" என்றார்.

டிசம்பர் 31

வருஷக் கடைசி. திரும்பிப் பார்க்கச் சொன்னானே, பார்க்கிறேன். சரக்குக் கப்பல் ஒன்று, முடிந்தது. மீன்பிடிப் படகு ஒன்று, பாய்மரம் பாக்கி. விமானம் ஒன்று, அவன் கட்டினது, அட்டைப்பெட்டியில் மல்லாக்கக் கிடக்கிறது. எங்கே தப்பு என்று எழுதவேண்டியதில்லை.

காலையில் விடுதிக்குப் போனேன். குண்டுகளைப் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். ஏன் என்று தெரியாது. மச்சான் இளைத்திருந்தான். கை நடுக்கம் குறைந்திருக்கிறது, மாத்திரையாம். ஜன்னலோரம் உட்கார்ந்தோம்.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன். கேலி பண்ணாமச் சொல்லு. அன்னிக்கு வீட்டுல ஏதோ சொன்னியே, நீதான் எடுத்தேன்னு. எனக்காகச் சொன்னதுதானே? ராத்திரியெல்லாம் அதையே நெனச்சிட்டிருக்கேன். நான் வெச்சேனா, வெக்கலியா?"

முகத்தைக் கிட்டே கொண்டுவந்தான். என் மீசையின் இடதுபக்கத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தான்.

பையில் குண்டுகள் இருந்தன. மகள் சொன்னதும் இருந்தது.

"நீ வெக்கல மச்சான்" என்றேன்.

நிறைய நேரம் பார்த்தான்.

"ஆடல" என்றான். மூச்சு விட்டான். தோள் இறங்கியது. "அப்ப சரி. இங்க இருக்கறது சரிதான். நல்லவேளை, நீ சொன்ன."

கிளம்பும்போது சட்டையை என் முன்னால் நீட்டினான். ஐந்து பட்டன். ஒவ்வொன்றாகத் தொட்டேன்.

"போட்டாச்சு" என்றேன்.

"பாத்தியா?"

கையை எடுத்துவிட்டு மறுபடி முதல் பட்டனிலிருந்து தொட்டேன்.